எண்பது மீட்டர் நறநற

கல்லைக் கடித்துச் சம்பளம் வாங்குகிறவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் இரண்டு பேர். நானும் என் வீட்டுக்காரரும் ஓர் எண்ணெய்த் தேடல் நிறுவனத்தில் வேலை பார்க்கிறோம். ஒரே அறை, பக்கத்துப் பக்கத்து மேசை. எங்கேயோ பூமியைத் துளைக்கிறார்கள். துளையிலிருந்து சேற்றோடு வரும் பாறைத் துணுக்குகளைக் கழுவிக் காயவைத்து, ஐந்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு காகித உறை என்று போட்டு எங்களுக்கு அனுப்புகிறார்கள். உறைக்குள் இருப்பது என்ன பாறை என்று நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பாதி வேலையைக் கண்ணே செய்துவிடும். ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பொங்கினால் அது சுண்ணாம்புப் பாறை. கத்தி முனை கீறாமல் வழுக்கினால் குவார்ட்ஸ். ஆனால் களிமண் பாறையும் நுண்மணல் பாறையும் இருக்கின்றனவே, இரட்டைப் பிள்ளைகள்! ஒரே சாம்பல் நிறம், ஒரே தோற்றம். நுண்ணோக்கியே கையை விரித்துவிடும். அப்போது பாதுகாப்பு அதிகாரி அந்தப் பக்கம் இல்லையே என்று பார்த்துவிட்டு, ஒரு துணுக்கை முன்பற்களுக்கு நடுவில் வைத்துக் கடிப்போம். களிமண் என்றால் வழவழவென்று கரையும். நுண்மணல் என்றால் நறநறக்கும். சிரிக்காதீர்கள், இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

அப்படிக் கடிப்பதில் என் வீட்டுக்காரரை மிஞ்ச ஆளில்லை. ஒருமுறை ஆய்வுக்கூடத்து இயந்திரம் ஒன்று சொல்ல, இவர் பல் வேறொன்று சொல்ல, கடைசியில் இயந்திரத்தைத்தான் பழுது பார்த்தார்கள். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பல்லு சார். வெளியில் "சும்மா இருங்கப்பா" என்பார். உள்ளுக்குள் தலைகால் புரியாது.

அந்தப் பல்லு சார்தான் ஒரு மாதத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி, கைகழுவும் தொட்டியின் விளிம்பில் வாயை இடித்துக்கொண்டார். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் போச்சு. தொட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அலுவலகத்துக்கு விஷக் காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டார். அவருடைய அக்கா பல் வைத்தியர். நான்கு பற்கள் வைத்த ஒரு தட்டைச் செய்து அண்ணத்தில் மாட்டிவிட்டார். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், காலையில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

"வெளியில மூச்சு விட்ட, தொலைச்சுடுவேன்" என்றார் என்னிடம்.

"விட்டா என்னவாம்?"

"பல்லு சாருக்குப் பல்லே இல்லைன்னு சிரிப்பாய்ச் சிரிப்பாங்க. நான் எழுதினதை அப்புறம் எவன் நம்புவான்?"

சரியென்று நானும் வாயைக் கட்டிக்கொண்டேன். அவரும் கட்டிக்கொண்டார், வேறு விதத்தில். எங்கள் அறையை ஒட்டி ஓர் இருட்டறை உண்டு. அங்கே யூவி என்கிற புற ஊதா விளக்கைப் போட்டால் எண்ணெய்க் கறை பட்ட மணல் மஞ்சளாக ஒளிரும். நிஜப் பல்லும் வெள்ளையாக ஒளிரும், பொய்ப் பல் ஒளிராது. தட்டு மாட்டி வந்த முதல் நாள் உள்ளே போனவர், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே வெளியே வந்தார். அதற்கப்புறம் அந்த அறைக்கு என்னைத்தான் அனுப்பினார். கேட்டால், கண் எரிகிறதாம்.

அந்த வாரம் வந்த கிணறுதான் விவகாரம். பூமிக்கடியில் எண்ணெய் ஏரி போலக் கிடப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. மணற்பாறையின் பொடித் துளைகளுக்குள் ஒளிந்திருக்கும். தண்ணீரைவிட லேசு என்பதால் மேலே மேலே ஏறப் பார்க்கும். மேலே நல்ல களிமண் பாறை மூடியாக உட்கார்ந்திருந்தால் அங்கேயே நிற்கும். மூடியில் நுண்மணல் கலந்திருந்தால் கசிந்து போய்விடும், மிச்சம் வெறும் கறைதான். இந்தக் கிணற்றில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது மீட்டரில் மணற்பாறை. விளக்கில் ஒளிர்ந்தது. அதற்கு மேலே எண்பது மீட்டருக்குச் சாம்பல் பாறை. அது மூடியா, சல்லடையா? மூடி என்றால் பக்கத்தில் இன்னொரு கிணறு போடுவார்கள். சல்லடை என்றால் குத்தகைக்கு எடுத்த அந்தப் பகுதியையே அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த வியாழக்கிழமை கெடு.

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். உறைகள் வந்திறங்கிய அன்றே வந்து நின்றார். "பல்லு சார், முதல்ல மணலைப் பாத்துடுங்க, மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். வழக்கமாக மேலிருந்து கீழேதான் பார்ப்போம். அவசரம் சொன்னதால் இவர் அடியிலிருந்த மணலை முதலில் பார்த்துவிட்டு, பிறகு மேலே ஏறினார்.

என் வீட்டுக்காரர் எழுதிய தாள்களை ஆழ வரிசையில் வண்ணப் பட்டையாக வரைவது என் வேலை. திங்கட்கிழமை வரைய உட்கார்ந்தேன். 2060: நறநற. 2065: நறநற. 2070: நறநற. பதினாறு உறைக்கும் அதே சொல். எனக்கு என்னவோ போல இருந்தது. பூமி இவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டு நான் பார்த்ததில்லை. எண்பது மீட்டரில் ஓரிடத்தில் கூடவோ ஓரிடத்தில் குறையவோ செய்யாதா? 2105 உறையைப் பிரித்து ஒரு துணுக்கைக் கடித்தேன். வழவழவென்று போனது.

"ஏங்க, இதைக் கொஞ்சம் கடிச்சுப் பாருங்களேன்."

கடித்தார். "நறநறங்குது. என்ன இப்போ?"

"எனக்கு வெண்ணெய் மாதிரி இருக்கே."

"காபியைச் சூடாக் குடிச்சு நாக்கைச் சுட்டுக்கிட்டியா?"

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "என் நாக்குக்கு ஒண்ணும் இல்ல. உங்க பல்லைத்தான் பாக்கணும்" என்று சொல்ல வாயெடுத்தவள், பக்கத்தில் ஆள் இருந்ததால் விழுங்கிக்கொண்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் வந்ததும் முதல் வேலையாக ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்தேன். துணுக்குகளை இடித்துத் தண்ணீரில் கலக்கினேன். நுண்மணல் என்றால் சில நிமிஷத்தில் அடியில் படிந்துவிடும். களிமண் என்றால் மணிக்கணக்கில் கலங்கியே நிற்கும். காலையில் கலக்கியது மாலை கிளம்பும்போதும் கலங்கலாகவே இருந்தது. அடியில் மணல் என்று பேருக்குக்கூட எதுவும் இல்லை. ஆக, அது நல்ல களிமண். அருமையான மூடி.

அப்படியென்றால் இவருக்கு ஏன் நறநறத்தது? இவர் கோபக்காரர், வீம்புக்காரர், வாஸ்தவம். ஆனால் பொய் எழுதுகிற ஆள் இல்லை. பதினாறு தடவையும் அவர் வாயில் நிஜமாகவே நறநறத்திருக்கிறது. பாறையில் இல்லாத மணல் வாய்க்கு எப்படி வந்தது? பேருந்தில் வரும்போதும் சமைக்கும்போதும் இதே யோசனைதான்.

புதன்கிழமை காலை சாப்பிட உட்கார்ந்தோம். இரண்டு வாய் வைத்தவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினார்.

"இன்னிக்கும் மண்ணு. எதையும் கழுவித்தான் போடுறியா?"

இந்த ஒரு வாரமாகத் தினமும் இதே பாட்டு. நானும் மூன்று தண்ணீர், நான்கு தண்ணீர் விட்டுக் கழுவி, கடைக்காரரையும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். அன்று அவர் தட்டிலிருந்தே ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டேன். ஒரு துளி மண் இல்லை.

"எப்படி இருக்கு மண்ணு?" என்று கேட்டேன்.

"எப்படி இருக்கும்? நறநறங்குது!"

அட கடவுளே. எழுந்து நேரே குளியலறைக்குப் போனேன். அலமாரியில் அவர் பல் தட்டு ஊறும் டம்ளர். முந்தின ராத்திரித் தண்ணீர் அப்படியே இருந்தது. அடியில் ஒரு சிட்டிகை மணல். மனுஷர் இத்தனை நாளில் ஒருமுறைகூட அந்த டம்ளரைக் கழுவவில்லை! ராத்திரி தட்டிலிருந்து உதிர்கிற மணல், காலையில் தட்டோடு மறுபடி வாய்க்கே போயிருக்கிறது. கைக்குட்டையில் வடிகட்டி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அலுவலகத்தில் இருட்டறைக்குப் போய் அந்த மணலை ஒரு கண்ணாடிச் சில்லில் கொட்டி விளக்கைப் போட்டேன். பத்துப் பன்னிரண்டு மணிகள் மஞ்சளாக ஒளிர்ந்தன. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

சில்லைக் கொண்டுவந்து நுண்ணோக்கியின் அடியில் வைத்து, அவரைக் கூப்பிட்டேன். எங்கிருந்து எடுத்தேன் என்று சொல்லவில்லை.

"இது எந்த ஆழம்னு சொல்லுங்க பாப்போம்."

கோபமாக இருந்தாலும் கல்லைக் காட்டினால் வந்துவிடுவார். குனிந்தார். மூன்று விநாடிகூட ஆகவில்லை. "நடுத்தர மணல், நல்லா உருண்டது, லேசாப் பழுப்புக் கறை. நம்ம ரெண்டாயிரத்து நூத்து நாப்பதுதான். இதுல என்ன சந்தேகம்? எந்த உறையிலேர்ந்து எடுத்த?"

"உறையிலேர்ந்து எடுக்கல. குளியலறை டம்ளர்லேர்ந்து எடுத்தேன்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்து பார்த்தார். அப்புறம் தலையைத் தூக்கவே இல்லை. அவர் நாக்கு அண்ணத்தை மெல்லத் தடவுவது கன்னத்தில் தெரிந்தது.

உறைகள் அடுக்கியிருக்கும் இரும்பு அலமாரிகளுக்கு நடுவில் அவரை அழைத்துப்போனேன். மனது கேட்கவில்லை. ஒரு வாரம் என் சமையலைத் திட்டிய மனுஷர்தான், இருந்தாலும் அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"மணலை முதல்ல கடிச்சீங்க. அது தட்டுக்கு அடியில போய் உக்காந்துடுச்சு. அப்புறம் எதைக் கடிச்சாலும் அதுதான் நறநறத்திருக்கு" என்றேன். "இதுல உங்க தப்பு என்ன இருக்கு?"

"பல்லு இல்லாதவன் கல்லைக் கடிச்சது தப்புதானே?" என்றார். "யாருக்கும் தெரிய வேணாம். நீ கடிச்சது வேற மாதிரி இருக்குன்னு மட்டும் எழுதிக் குடுத்துடு."

"குடுக்கிறேன். உங்க பல்லைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், அது உங்களோடது. ஆனா என் டம்ளரையும் உங்க பல்லையும் பக்கத்துல வெச்சா அவசரம் எதை நம்புவார்?"

எதை நம்புவார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை. அவசரத்தின் அறையில் திருப்பிக் கொடுக்கும் கடிதம் தயாராக மேசைமேல் இருந்தது. பேனா மூடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தார். நான் என் கலங்கல் டம்ளரையும் குறிப்பையும் அவர் முன் வைத்தேன். ஒரு பார்வை பார்த்தார்.

"மேடம், டம்ளரெல்லாம் சரி. ஆனா கடிச்சது பல்லு சாராச்சே!" என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "என்ன பல்லு சார், எண்பது மீட்டரும் நறநறதானே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

இவர் கடிதத்தைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், என் டம்ளரைப் பார்த்தார்.

"சார், ஒரு நிமிஷம் இருட்டறைக்கு வர்றீங்களா?"

"இப்பவா? எனக்கு நேரமில்லையே."

"ஒரே நிமிஷம்."

மூவரும் போனோம். இவர் கதவைச் சாத்தினார். விளக்கைப் போட்டார். அவசரத்தின் சட்டைக் காலர் பளபளத்தது. என் வீட்டுக்காரர் அவர் முன்னால் நின்று, வாய் நிறையச் சிரித்தார். நடுவில் நான்கு பற்கள் இருக்க வேண்டிய இடம் கன்னங்கரேல் என்று இருந்தது.

"அய்யய்யோ! பல்லு சார், பல்லு எங்க?"

"அதான் சார் விஷயம்." தட்டைக் கழற்றி, திருப்பி, விளக்கின் கீழே பிடித்தார். அண்ணத்தில் ஒட்டும் பக்கத்தில், கழுவியும் போகாத மூன்று மணல் மணிகள் மஞ்சளாக ஒளிர்ந்தன. பல் இல்லாத வாயால், காற்று புஸ்ஸென்று போகப் பேசினார். "அந்த நறநற பாறையில இல்ல சார். இதுல இருக்கு. மூடி நல்ல மூடி. அவங்க சொல்றதுதான் சரி."

அவசரம் வாழ்க்கையில் முதல் தடவையாக அவசரப்படாமல் நின்றார். குனிந்து அந்த மூன்று மணலையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நான் பயந்துபோய் என் வீட்டுக்காரரைப் பார்த்தால், அவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். தட்டு மாட்டியதிலிருந்து அந்த மனுஷர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கடிதம் கையெழுத்தாகவில்லை. "இனிமே யாரு கடிக்கிறது?" என்று அவசரம் கேட்டார். இவர் தட்டை மாட்டிக்கொண்டே என்னைக் கை காட்டினார்.

மத்தியானம் பட்டையை வரைந்து முடிக்க உட்கார்ந்தேன். திருத்திய தாள் என் மேசைமேல் இருந்தது. பதினாறு நறநறவையும் ஒரே கோடாக அடித்துவிட்டு, கீழே தன் கையெழுத்தில் எழுதியிருந்தார்:

"2060 முதல் 2140 வரை: வழவழப்பான களிமண் பாறை. கடித்துச் சொன்னது என் மனைவி. முந்தைய குறிப்பில் இருந்த மணல் என்னுடையது."