தூசி இருமல்

ஊரில் எல்லோரும் சளி பிடித்துவிட்டதே என்று புலம்புவார்கள். தங்கராசுவோ சளி வரவில்லையே என்று கொல்லையில் நின்று காறிக் காறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா. முன்னறையில் ஆஸ்பத்திரிக்காரப் பெண் பானுமதி நாற்காலியில் உட்கார்ந்து, அந்த டப்பா நிரம்பி வரக் காத்திருந்தாள்.

ஐப்பசியில்தான் தங்கராசுவுக்கு டிபி என்று கண்டுபிடித்தார்கள். சர்க்கரை அதற்கு முன்பே இருந்தது. டீயில் மூன்று ஸ்பூன் போட்டுக் குடித்துக்கொண்டே, "எனக்குச் சுகரா? போங்கப்பா" என்று சொல்கிற ஆள். சர்க்கரையும் டிபியும் ஒரே உடம்பில் சேர்ந்து இருப்பவர்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் நெஞ்சில் இருக்கிற கிருமி சீக்கிரம் சாகிறதா என்று பார்க்கிறார்கள், சேர்ந்துகொள்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். சேர்ந்தார். அன்றிலிருந்து பானுமதி ஸ்கூட்டியில் வீட்டுக்கே வந்து விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பாள், மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று விசாரிப்பாள், சளி வாங்கிக்கொண்டு போவாள். சொந்தத் தங்கச்சிகூட அவ்வளவு அக்கறையாக வந்து கேட்டிருக்க மாட்டாள்.

மருந்து நன்றாகவே வேலை செய்தது. தங்கராசுவுக்குக் கன்னத்தில் சதை வைத்தது, இருமல் நின்றது. நின்றதுதான் இப்போது வினை. காலையில் எழுந்து எவ்வளவு முக்கினாலும் எச்சில்தான் வந்தது. நேற்று அதைத்தான் கொடுத்தனுப்பப் பார்த்தார். பானுமதி டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது வெறும் எச்சில். நெஞ்சுலேர்ந்து வரணும். நாளைக்கு வரேன்" என்று போய்விட்டாள். இன்றைக்கு மறுபடியும் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

அடுப்படியில் நின்ற தங்கராசுவின் மனைவி ராஜாம்பாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவளுக்கு இந்தச் சோதனை முடிவு உடனே வேண்டும். சளியில் கிருமி இல்லை என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும். மகள் கனிமொழிக்கு ஏழாம் மாசம். திட்டக்குடியில் மாமியார் வீட்டில் வளைகாப்பு. வளையல் அடுக்கிய கையோடு மகளை அழைத்துக்கொண்டு வந்து தலைப்பிரசவத்தைத் தன் வீட்டில் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வெள்ளையடித்தாயிற்று. ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தாயிற்று. ஆனால் தங்கராசுவுக்கு டிபி என்பது சம்பந்தியம்மா பூவாயிக்குத் தெரியாது. கனிமொழிக்கே சொல்லவில்லை, சர்க்கரையால் உடம்பு இளைத்துவிட்டது என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். பூவாயி காதில் அது விழுந்ததோ, பெண்ணை அனுப்புவது இருக்கட்டும், இந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டாள்.

ராஜாம்பாள் கொல்லைக்குப் போனாள்.

"இன்னாங்க, வருதா இல்லியா?"

"வந்தா குடுக்க மாட்டனா? வரலியே!"

"வூடு தேடி வந்த பொண்ண ரெண்டாந்தரமும் வெறுங்கையோட அனுப்பறதா? நம்மளப் பத்தி இன்னா நெனைக்கும் அது? குடுங்க இப்படி."

டப்பாவை வெடுக்கென்று பிடுங்கினாள். ஒரே ஒரு தடவை அடிவயிற்றிலிருந்து இருமினாள். கட்டியாக வந்து விழுந்தது.

தங்கராசு வாயைப் பிளந்தார். "அடிப்பாவி, இன்னாடி இது?"

"சளிதான? என் சளிக்கு இன்னா கொற? எனக்கு இருக்கறது தூசி இருமல். அதுல ஒண்ணும் இருக்காது. உங்களுக்கும் நல்லாயிடுச்சு, எனக்கும் ஒண்ணும் இல்ல. யாருதா இருந்தா இன்னா?"

அவள் சொன்னதை அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்கள். ராஜாம்பாள் பீங்கான் கம்பெனியில் ஃபினிஷிங் வேலை பார்த்தாள். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொம்மையை, விளக்கை, கப்பை மடியில் வைத்துப் பிசிறு சுரண்டி வழவழப்பாக்குகிற வேலை. சுரண்டச் சுரண்ட வெள்ளைத் தூள் பறக்கும். சாயங்காலம் வெளியே வரும்போது புருவமெல்லாம் நரைத்திருக்கும். அங்கே ஒருத்தியின் இருமல் சத்தம் கேட்கவில்லை என்றால் அவள் அன்றைக்கு லீவு என்று அர்த்தம். கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் குடிப்பார்கள், மறுபடியும் சுரண்ட உட்காருவார்கள். தங்கராசுவுக்கு நோய் என்று தெரிந்தபோதே பானுமதி கேட்டாள், "அக்கா, உங்களுக்கு இருமல் இருக்குதா? ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம், வாங்க." கார்த்திகை விளக்கு ஆர்டர் மலைபோல் கிடந்த நேரம். "எனக்கு இருக்கறது கம்பெனி இருமல் பானு, நான் பொறவு வரேன்" என்றாள் ராஜாம்பாள். அந்தப் பொறவு வரவேயில்லை.

தங்கராசு கொண்டுவந்து கொடுத்த டப்பாவைப் பானுமதி தூக்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "சூப்பர்ணே! இதுதான் நல்ல சாம்பிள். நேத்தே இப்படிக் குடுத்திருக்கக் கூடாதா?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ராஜாம்பாள் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்து, முறுக்கும் எடுத்து வைத்தாள்.

சிரிப்பெல்லாம் டாக்டர் கூப்பிட்டு அனுப்புகிறவரைக்கும்தான்.

"சுகர் நல்லா குறைஞ்சிருக்கு. வெயிட் ஏறியிருக்கு. எக்ஸ்ரேயும் பரவாயில்ல," என்றார் டாக்டர். சின்ன வயசுக்காரர், எதையும் மூடி மறைக்கத் தெரியாதவர். "ஆனா சளியில கிருமி நிறைய இருக்கு. எனக்கே புரியல. மருந்துக்கு அடங்காத கிருமியான்னு பாக்கணும். பானுமதி வந்து இன்னொரு சாம்பிள் வாங்கிக்குவாங்க. அதுலயும் இப்படியே வந்தா மருந்தை மாத்தணும். அது கடுமையான மருந்து, ரொம்ப நாள் சாப்பிடணும். சிலருக்குக் கை காலெல்லாம் மரத்துப்போகும். பயப்படாதீங்க, பாத்துக்கலாம்."

பயப்படாதீங்க என்று சொல்லிவிட்டால் பயம் போய்விடுமா? ராஜாம்பாளும் பக்கத்தில்தான் இருந்தாள். டாக்டர் தங்கராசுவைப் பார்த்துத்தான் பேசினார். ஆனால் அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் தன் நெஞ்சைப் பற்றியது என்று அந்த அறையில் அவளுக்கும் அவள் புருஷனுக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது. வாயைத் திறந்து சொல்ல அங்கேயே நேரம் இருந்தது. சொல்லவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து வீடு வந்து சேர்ந்தார்கள்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் தங்கராசு சொன்னார்: "இங்க பாரு, அது என் பேருலயே இருந்துட்டுப் போவட்டும்."

"எது?"

"அதான், நோவு. எனக்குன்னு ஏற்கெனவே பேராயிடுச்சு. உனக்குன்னு எதுக்கு ஒண்ணு? எனக்குக் குடுக்கற மாத்திரையில நீயும் எடுத்துக்க. ரெண்டு பேரும் தின்னுட்டுப் போவோம். அந்தப் பொண்ணு சளி கேட்டா நீயே இருமிக் குடு. மவ வரட்டும், நல்லபடியா பெத்துக்கினு போவட்டும்."

பாவம், ஆசையாகத்தான் சொன்னார். கை மரத்துப்போனால் தான் பார்க்கிற சூளை வேலைக்குப் போக முடியாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னார். கல்யாணமான நாள் முதல் ஒரு முழம் பூ வாங்கி வரவே மறந்துபோகிற மனுஷன், இப்போது அவளுடைய நோயைத் தன் தலையில் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். ராஜாம்பாளுக்கு அழுகை வந்தது. கூடவே, சரி என்று சொல்லிவிடலாம் போலவும் இருந்தது. உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும். அவளுக்கு அந்த யோசனை பிடித்துத்தான் இருந்தது.

மறுநாள் கம்பெனிக்குப் போனாள். மடியில் கிடந்த பிள்ளையார் பொம்மையைச் சுரண்டும்போது இருமல் வந்தது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். இத்தனை மாதமாகக் காதிலேயே விழாத இருமல் இப்போது ஒவ்வொன்றாகக் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆராயியும் இருமினாள். இது தூசியா, இல்லை என்னிடமிருந்து போனதா? யாரைக் கேட்பது? ராஜாம்பாள் பலகையை இழுத்துக்கொண்டு ஜன்னலோரம் தனியாகப் போய் உட்கார்ந்தாள். "மகாராணிக்குக் காத்து வேணுமாம்" என்று ஆராயி கிண்டலடித்தாள். வழக்கமாக இருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டிருப்பாள். இன்றைக்குப் பொம்மையைத் திருப்பிப் போட்டுச் சுரண்டினாள்.

குழந்தை பிறந்தால் முதலில் யார் கையில் கொடுப்பார்கள் என்று யோசித்தாள். தன் கையில்தான். குளிப்பாட்டுவது, காலில் போட்டு எண்ணெய் தேய்ப்பது, முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுவது, எல்லாம் அவள்தான். அதற்காகத்தானே மகளை அழைத்துவருகிறாள். அந்த நினைப்பு வந்த பிறகு அவளால் ஒரு பொம்மைகூட ஒழுங்காக முடிக்க முடியவில்லை.

பானுமதி மறுபடியும் காலையிலேயே வந்துவிட்டாள். தங்கராசு டப்பாவை வாங்கிக்கொண்டு நேராகக் கொல்லைக்கு வந்தார். ராஜாம்பாள் துணி துவைக்கிற கல்லருகே நின்றிருந்தாள்.

"ம், இருமு" என்று குசுகுசுத்து டப்பாவை நீட்டினார்.

அவளுக்கு இருமல் தொண்டைவரைக்கும் வந்து நின்றது. கண்ணில் நீர் முட்ட அதை விழுங்கினாள். இந்த டப்பாவில் துப்பினால் கடுமையான மருந்து இவர் உடம்பில் போய் இறங்கும். துப்பாமல் உள்ளதைச் சொல்லிவிட்டால் மகள் வரமாட்டாள். துப்பி, மகளும் வந்துவிட்டால்? அந்தக் குழந்தை?

"சீ!" என்றாள், தன்னையேதான். டப்பாவை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று முன்னறைக்கு நடந்தாள். தங்கராசு, "ஏ ராஜாம்பா, ஏ!" என்று பின்னாலேயே ஓடி வந்தார்.

காலி டப்பாவைப் பார்த்ததும், "என்னக்கா, இன்னிக்கும் வரலியா?" என்றாள் பானுமதி.

"அன்னிக்குக் குடுத்தது இவரு சளி இல்ல பானு. என்னுது."

பானுமதிக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் எழுந்துவிட்டாள். "அக்கா! என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க? அண்ணனுக்கு மருந்து வேலை செய்யலன்னு நாங்க பயந்துட்டு இருக்கோம். இவரப் போல எத்தன பேரு சுகரும் டிபியுமா இருக்காங்க? அவங்களுக்கு என்ன குடுக்கறதுன்னு இத வச்சுத்தான முடிவு பண்ணுவாங்க! விளையாட்டாக்கா இது?"

"நீ ரெண்டு தடவ வந்துட்டியேன்னு…" என்று ஆரம்பித்த ராஜாம்பாள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். "தப்புதான். திட்டு. இன்னும் ரெண்டு வார்த்த சேத்துத் திட்டு."

இப்படிச் சொல்கிறவளை எப்படித் திட்டுவது? பானுமதி பையிலிருந்து மாஸ்க் ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தாள். கதவையும் ஜன்னலையும் அகலத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "எப்பலேர்ந்துக்கா இருமல்?"

"ஆடிலேர்ந்து. கம்பெனி இருமல்னுதான் இருந்தேன்."

"அப்போ அண்ணனுக்கே உங்ககிட்டேயிருந்து வந்திருக்கலாம். சரி, இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க. உங்க பேருல சளி குடுங்க, எக்ஸ்ரே எடுப்போம். மருந்து ஆரம்பிச்சா குணமாயிடும். ஆடிக்கு அப்புறம் உங்ககூட ஒரே ரூம்ல வேற யாராச்சும் படுத்தாங்களா?"

"நாங்க ரெண்டு பேருதான்" என்றார் தங்கராசு அவசரமாக.

ஆவணியில் கனிமொழி மசக்கை தாளாமல் இங்கே வந்து படுத்தது ராஜாம்பாள் கண்முன் வந்து நின்றது. புரட்டாசி பாதிவரை இருந்தாள். சோறு கண்டால் குமட்டுகிறது என்று அம்மா மடியிலேயே கிடந்தாள். ராத்திரியெல்லாம் அவளைக் கட்டிக்கொண்டுதான் ராஜாம்பாள் தூங்கினாள். இத்தனை நாளும் வரப்போகிற மகளுக்காகப் பயந்தாளே, வந்துவிட்டுப் போன மகளை நினைக்கவே இல்லையே!

"கனிமொழி," என்றாள். "என் மவ. இப்ப மாசமா இருக்குது."

பானுமதி சட்டென்று அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "உடனே அவங்களப் பாக்கணும்க்கா. மாசமா இருந்தாலும் குடுக்கற மருந்து இருக்குது. சீக்கிரம் பாத்துட்டா தாய்க்கும் புள்ளைக்கும் நல்லது. தள்ளிப்போடக் கூடாது."

ராஜாம்பாள் போனை எடுத்தாள். தங்கராசு தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மணி அடித்ததுமே கனிமொழி எடுத்தாள். குரலில் அத்தனை குதூகலம்.

"அம்மா, நானே கூப்புடணும்னு இருந்தேன். வளையல் பச்சையும் செவப்பும் மட்டும் போதுமா, மஞ்சளும் வாங்கவான்னு அத்த கேக்கறாங்க."

"கனி, உனக்கு இருமல் இருக்குதா?"

"ஏன்மா?"

"இருக்குதா, இல்லியா?"

"கொஞ்சமா இருக்குது. மாசமா இருந்தா சூட்டுக்கு அப்படித்தான் வரும்னு அத்த சொன்னாங்க. ஏன்மா ஒருமாதிரி பேசற? அப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?"

"அப்பாவுக்கு டிபி வந்துச்சு, உங்கிட்ட மறைச்சிட்டோம். அவுருக்குக் கொறஞ்சுகினு வருது. எனக்கும் இருக்குதுடி. நீ ஆவணில வந்து எங்கூடத்தான படுத்திருந்த?"

வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவது போல் கனிமொழியின் குரல் வந்தது. "அம்மா, மெதுவாப் பேசு. அத்த பக்கத்துலயே நிக்கறாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சா வளைகாப்பே நின்னுடும்மா. நான் அப்பறமா யாருக்கும் தெரியாம போய்ப் பாத்துக்கறேன்."

இதே வார்த்தையைத்தான் இந்த வீட்டில் இத்தனை நாளாக அவர்களும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ராஜாம்பாளுக்கு இருமல் வந்தது. முகத்தைத் திருப்பி மாஸ்க்குக்குள்ளேயே இருமி முடித்துவிட்டு, மறுபடியும் போனைக் காதில் வைத்தாள்.

"வளைகாப்பு நின்னா நிக்கட்டும்," என்றாள். "போன உங்க அத்தகிட்ட குடு."