கனகலிங்கம் ஃபோல்டர்

கம்ப்யூட்டர் கேள்வி கேட்டது. தவமலர் ‘யெஸ்’ என்பதை அழுத்தினாள்.

காலை ஒன்பதரையிலிருந்து அது கேட்டுக்கொண்டேதான் இருந்தது. வெறுமையாகிவிட்ட ஃபோல்டர் ஒன்றை அழிக்கும்போதெல்லாம் நிச்சயமாகவா என்று கேட்கும். அவள் அழுத்துவாள். முப்பது தடவைக்கு மேல் அழுத்தியாயிற்று. இப்போது வந்தது வேறு கேள்வி என்பது விரலை எடுத்த பிறகுதான் உறைத்தது. இதே பெயரில் இங்கே ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது, அதன் இடத்தில் இதை வைக்கவா என்று அது கேட்டிருந்தது.

எட்மண்டனில் திரைச்சீலைக் கடை ஒன்றின் மேல்மாடியில் இரண்டு அறைகள்தான் அந்தச் சட்ட அலுவலகம். வக்கீல் வைத்தியநாதன் கும்பகோணத்துக்காரர். அகதி வழக்குகளோடு வருகிறவர்கள் தமிழில் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் தட்டி வாக்குமூலம் ஆக்குவது தவமலரின் வேலை. ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் ஒரு ஃபோல்டர் வைத்திருந்தாள். உள்ளே எல்லோருக்கும் ‘ஸ்டேட்மென்ட்’ என்று ஒரே பெயரில் ஒரு கோப்பு. நேற்று மாலை வைத்தியநாதன், “கோர்ட்டுல எல்லாரையும் சர்நேம் சொல்லித்தான் கூப்பிடறாங்க. நம்ம கம்ப்யூட்டர்லயும் அப்படியே மாத்திடும்மா” என்றிருந்தார்.

எங்கள் ஆட்களுக்குச் சர்நேம் என்றால் தகப்பன் பெயர். கரவெட்டியில் ஒரு கனகலிங்கத்துக்கு ஞானரட்ணம் பிறந்திருந்தார். முல்லைத்தீவில் வேறொரு கனகலிங்கத்துக்குச் சிவானந்தன் பிறந்திருந்தான். இருவரும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை. தவமலர் ‘கனகலிங்கம்’ என்று புதிதாக ஒரு ஃபோல்டர் திறந்து, முதலில் ஞானரட்ணத்தை உள்ளே இழுத்துப் போட்டாள். பிறகு சிவானந்தனை.

கோப்பைத் திறந்து பார்த்தாள். சிவானந்தன்தான் இருந்தான்.

செய்ததைத் திருப்பும் கட்டளையைக் கொடுத்தாள். சிவானந்தன் தன் பழைய இடத்துக்குப் போனான். கனகலிங்கம் ஃபோல்டர் வெள்ளையாகக் கிடந்தது. குப்பைத்தொட்டிப் படத்தைத் திறந்தாள். அவள் அழித்த வெறும் ஃபோல்டர்கள் மட்டும் வரிசையாக இருந்தன. கீழே தெருவில் பஸ் ஒன்று போனது. திரை லேசாக நடுங்கியது.

ஞானரட்ணத்தின் வழக்கு நாளைக் காலை. வாக்குமூலத்தை எடுத்துப்போக இரண்டரைக்குக் கூரியர் வருவான். கையெழுத்து வைக்க ஒரு மணிக்கு ஞானரட்ணம் வருவார். இப்போது பதினொன்றே கால். நேற்று அவர் சொன்ன திருத்தங்களைச் செய்துவிட்டு, பழைய பிரதியைக் கிழித்துப் போட்டது அவள்தான். மேசை இழுப்பறையிலிருந்த ஃபிளாப்பியைப் போட்டுப் பார்த்தாள். முதல் நாள் தட்டிய இரண்டு பக்கம் இருந்தது. வவுனியாவில் பஸ்ஸை மறித்து அவரை இறக்குவதோடு அது நின்றது. அதன் பிறகு நடந்தது எதுவும் இல்லை.

“என்னடி, பேயைக் கண்டனியோ?” தேத்தண்ணீர் கொண்டுவந்த பிலோமினம்மா கேட்டாள். வாசல் மேசையில் இருந்து போன் எடுப்பதும் எல்லோரையும் பரிகசிப்பதும் அவள்தான்.

“ஒண்டுமில்லை.”

“ஒண்டுமில்லாததுக்கு இந்த வேர்வை. ஹீட்டர் வேறை வேலை செய்யேல்லை.”

தவமலர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். வைத்தியநாதனிடம் சொல்லலாம். சொன்னால் ஞானரட்ணத்தைத் திரும்பச் சொல்ல வைப்பார். மூன்று நாட்கள் இருந்து சொல்லி முடித்த அன்று ஞானரட்ணம் எழுந்து, கதிரையை மேசைக்குள் தள்ளிவிட்டு, “இனி இதை ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன், தங்கச்சி. கோர்ட்டிலை கேட்டால் ஓம், இல்லை எண்டுதான் சொல்லுவன்” என்றிருந்தார்.

அவர் சொன்னதெல்லாம் தனக்கு ஞாபகம் இருக்கிறது என்று நினைத்தாள். தட்டத் தொடங்கினாள்.

வந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. யோசிக்காமலே வந்தது. சீமெந்துத் தரை. கதவுக்குக் கீழால் வந்த மழைத்தண்ணீர். பெயர் கேட்பதற்கு முன் கண்ணாடியில் தலை வாரிக்கொண்ட அதிகாரி. ஒரு வாக்கியம் முடிய அடுத்தது வாசலில் நின்றது, கதைகளில் வருவதுபோல. பதினொரு நாட்கள் அங்கே வைத்திருந்தார்கள் என்று தட்டினாள். பன்னிரண்டு நாற்பதுக்கு முடிந்தது. பிரிண்டர் கத்திக் கத்தி நாலு பக்கத்தைத் துப்பியது.

ஞானரட்ணம் சவுத்தாலில் சாப்பாட்டு ஃபாக்டரியில் ஷிப்ட் முடித்து, இரண்டு பஸ் ஏறி நேரே வந்திருந்தார். ஃபாக்டரியில் தலைமயிரை மூடிக் கட்டும் வலைத்தொப்பி கோட் பையிலிருந்து எட்டிப் பார்த்தது. முப்பத்தைந்து வயதுக்கு முகம் கிழடு.

வைத்தியநாதன் உள்ளறையிலிருந்து தலையை நீட்டினார். “படிச்சுக் காட்ட வேண்டாம்மா, நேத்துதான் படிச்சாச்சே. கையெழுத்தை மட்டும் வாங்கிடு.”

“ஓம், தங்கச்சி. நீங்கள் தட்டினது பிழைக்காது” என்று ஞானரட்ணம் பேனாவைத் திறந்தார்.

பேனா தாளைத் தொடவில்லை. தவமலர் தாளின் மேல் கையை வைத்திருந்தாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“ஒருக்கா வாசிச்சுப் போடுறன், அண்ணை.”

ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். தரைக்கும் மழைக்கும் அவர் தலையாட்டினார். தலை வாரிய அதிகாரிக்கு ஆட்டவில்லை. “பதினொரு நாட்கள்” என்றபோது நிமிர்ந்தார்.

“பதினொண்டு எண்டே சொன்னனான்?”

அவள் தாளை மறுபடி பார்த்தாள். பதினொன்று சிவானந்தனுடையது. வாக்குமூலத்தில் பதினொன்று என்று சொல்லிவிட்டு, கோர்ட்டில் பன்னிரண்டு என்றான். நாட்களைக்கூடச் சரியாகச் சொல்லாத இவரை நம்ப முடியாது என்று தீர்ப்பில் ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரி போதுமாயிருந்தது. பத்து மாதங்களுக்கு முன் அவனை விமானத்தில் ஏற்றினார்கள். அதன் பிறகு அவனைப்பற்றி ஒரு சேதியும் இல்லை.

“அண்ணை, உங்கடை ஸ்டேட்மென்டை நான் அழிச்சுப்போட்டன்.” குரல் யாருடையதோ போல வந்தது. “இது நான் ஞாபகத்திலை தட்டினது. இதுக்குள்ளை வேறை ஒருத்தற்றை கதையும் வந்திட்டுது.”

அவர் திட்டவில்லை. பேனாவை மூடினார். “ஆரின்ரை கதை?”

“அந்தாளும் கனகலிங்கத்தின்ரை மகன்தான். வேறை கனகலிங்கம்.”

“அவருக்கு என்ன நடந்தது?”

அவள் சொல்லவில்லை. சொல்லாததிலிருந்து அவர் விளங்கிக்கொண்டார். கதிரையை வெளியே இழுத்து உட்கார்ந்தார்.

“சரி. நான் எத்தினை நாள் எண்டு சொன்னனான்?”

“எனக்குத் தெரியேல்லை, அண்ணை.”

“எனக்கும்.” அவர் கண்கள் சுவரில் எதையோ தேடின. “நேற்று வரைக்கும் தெரியும். நீங்கள் பதினொண்டு எண்டு வாசிச்ச உடனை எல்லாம் பதினொண்டாத்தான் தெரியுது.”

வைத்தியநாதன் வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியாது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஒன்னு இருபது. இரண்டரைக்குள்ள முடியுமா?”

“எண்ணிப் பாப்பம்” என்றார் ஞானரட்ணம்.

இடது கையை மேசையில் வைத்து, சுண்டுவிரலை மடித்தார். “இது மழை நாள். தண்ணி உள்ளுக்கு வந்தது.” அடுத்த விரல். “அண்டைக்கு ஒருத்தரையும் கூப்பிடேல்லை.” நடுவிரல், சாப்பிடப் பாண் ரொட்டி கொடுத்த நாள். நாலாவதுக்கும் பெருவிரலுக்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மடித்தார், அவ்வளவுதான். வலது கையில் தொடங்கினார். முதல் விரலுக்கு, “பக்கத்திலை கிடந்த பொடியனைக் கூட்டிக்கொண்டு போனவங்கள். திருப்பிக் கொண்டு வரேல்லை” என்றார். தவமலர் தட்டிக்கொண்டே இருந்தாள். தட்டிய ஒவ்வொரு வரியையும் அவருக்குத் திருப்பிச் சொன்னாள்.

ஒன்பது விரல்கள் மடிந்தன. வலது பெருவிரல் மட்டும் நின்றது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது விட்ட நாள். காலமை கேற்றைத் திறந்து போ எண்டவங்கள்.” விரலை மடிக்கவும் இல்லை, விடவும் இல்லை. “இதையும் எண்ணுறதோ, தங்கச்சி?”

தவமலரின் விரல்கள் விசைப்பலகையில் நின்றுவிட்டன. கோர்ட்டில் அவள் சிவானந்தனுக்குப் பின் வரிசையில்தான் இருந்தாள். எத்தனை நாட்கள் என்று கேட்டபோது அவன் மேசைக்குக் கீழே விரல்களை மடித்து எண்ணியதைப் பார்த்தாள். பன்னிரண்டு என்றான். விட்ட நாளையும் சேர்த்தா என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு எண்ணும் தெரிந்த ஒருத்தி அந்த அறையில் இருந்தாள். அவளும் கேட்கவில்லை.

“ஒன்பது ராத்திரி” என்றாள் மெதுவாக. “பத்தாம் நாள் காலமை விட்டவங்கள். இப்பிடியே எழுதுறன். நாளைக்கும் இப்பிடியே சொல்லுங்கோ. வெறும் இலக்கத்தை மட்டும் சொல்லாதேங்கோ, அண்ணை.”

அவர் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இன்னொரு முறையும் சொன்னார்.

கூரியர் மணி அடித்தபோது கையெழுத்தின் மை காயவில்லை. உறை கீழே போனது. ஞானரட்ணம் படியிறங்கும் சத்தம் கேட்டது. பெருவிரலை அவர் இன்னும் மடக்காமல் போவதுபோல அவளுக்குத் தோன்றியது.

திரையில் சிவானந்தனின் ஃபோல்டர் திறந்திருந்தது. உள்ளே ஒரேயொரு கோப்பு. அதைத் தொட அவளுக்குப் பயமாக இருந்தது.

“பிலோமினம்மா, சிவானந்தன்ரை ஊர் விலாசம் எங்களிட்டை இருக்கோ?”

பிலோமினம்மா வழக்கம்போல ஏதோ பகிடி சொல்ல வாயெடுத்தாள். தவமலரின் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டாள்.

“இருக்கு பிள்ளை” என்றாள். “நாங்கள் போட்டு, திரும்பி வந்த கடிதத்திலை இருக்கு.”