ஆமாம் எந்தப் பக்கம்

பாளையத்து மாடியிலிருந்த தன் கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து ஜஸீலா அந்த நெட்புக்கின், அந்தக் குட்டி மடிக்கணினியின், திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அசைவே இல்லை. கொஞ்சம் அழுத்தித் தொட்டாள். உதவி கேட்டு வந்த உறவுக்காரனைப் பார்க்காதது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெரிய மனிதரைப் போல, அது அவளைத் தாண்டி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

மற்றதெல்லாம் ஆகிவிட்டது. லினக்ஸ் ஏறிவிட்டது. படம் சரியான அளவில் தெரிந்தது. ஊமையாக இருந்த ஸ்பீக்கருக்கும் அதை ஓட்டுகிற நிரலான டிரைவர் ஒன்றைத் தேடிப் போட்டுப் பேசவைத்தாகிவிட்டது. இணையம்கூட வந்துவிட்டது. வாங்கியவர்கள் கேட்டிருந்த ஒரே விஷயமான டச் மட்டும் வேலை செய்யவில்லை. மாப்பிள்ளையைத் தவிர மற்ற எல்லாரும் வந்து சேர்ந்துவிட்ட கல்யாண வீடு போலிருந்தது.

போன் அடித்தது. குற்றிச்சிறையிலிருந்து அவரான்.

"மோளே, மத்தியானம் லுஹர் தொழுகைக்கு முன்னாடி டாக்டர் வந்துருவாங்க. ஆகும்னா ஆகும்னு சொல்லு, ஆகலன்னா ஆகலன்னு சொல்லிரு. எங்கள நம்பவச்சு நிறுத்தாத."

ஆகும் என்று சொல்லிவிட்டாள். கடை நடத்துகிறவளுக்கு அந்த ஒரு வார்த்தை தானாக வாயில் வந்துவிடுகிறது.

அவரானின் தகப்பனார் இம்பிச்சிக்கோயா வலியங்காடியில் கொப்பரைத் தரகராக இருந்தவர். வாங்குகிறவனும் விற்கிறவனும் நான்தான் ஜெயித்தேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்படி பேசத் தெரிந்த மனிதர். நரம்பை அரிக்கும் ஒரு நோய் வந்து முதலில் அவருடைய காலை எடுத்தது, அப்புறம் கையை, அப்புறம் அந்த நாக்கை. வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் இன்னும் அவர் பேச்சைக் கேட்டது. இப்போது மூச்சும் இளைக்கத் தொடங்கியிருந்தது. தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து இயந்திரத்தோடு இணைத்தால் பிழைத்துக் கிடப்பார். இல்லையென்றால் அதிக நாள் இல்லை. வைப்பதா வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும் என்று டாக்டர் ப்ரமீளா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்றே சொல்ல வேண்டும். மூச்சு இன்னும் இறங்கிவிட்டால் கத்தி வைக்க முடியாது.

கண் சிமிட்டலை வைத்துத்தான் அதுவரை காலம் ஓடியது. ஒரு தரம் சிமிட்டினால் ஆமாம், இரண்டு தரம் சிமிட்டினால் இல்லை. குழாய் வேண்டாமே என்று மூத்தவன் அவரான் கேட்டால் உப்பா ஒரு தரம் சிமிட்டினார் என்பான். குழாய் வைக்கலாமே என்று ஷார்ஜாவிலிருந்து வந்திருக்கும் இளையவன் நிஷாத் கேட்டாலும் ஒரு தரம்தான் சிமிட்டினார் என்பான். காய்ந்துபோன கண் தானாகவும் சிமிட்டும். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இரண்டு தீர்ப்பு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அதனால்தான் நிஷாத் வாங்கிக் கொடுத்த இந்த இயந்திரம். திரையைத் திருப்பி விசைப்பலகையின் மேல் மடித்தால் பலகை மாதிரி ஆகிவிடும், கட்டிலுக்கு மேலே தொங்கவிடலாம். ஜஸீலாவின் லினக்ஸ் கூட்டத்துக்காரர்கள் எழுதிய நிரல் ஒன்று, தொட்ட எழுத்துகளைச் சேர்த்து வாய்விட்டுப் படிக்கும். அது விண்டோஸில் ஓடாது. ஓடினாலும் இந்தக் கிழட்டு நெட்புக்கில் ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் நோயாளி குணமாகி எழுந்து நடந்துவிடுவார்.

ஜஸீலா இயந்திரத்தை மறுபடி கிளப்பி, அது எழும்போது முணுமுணுக்கிற வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். அங்கே ஓர் இடத்தில் காரணம் கிடந்தது. மௌஸுக்கான டிரைவர் ஒன்று திரையையும் ஒரு மௌஸ் என்று நினைத்து முதலில் ஓடிவந்து பிடித்துக்கொண்டிருந்தது. தானும் ஓட்டவில்லை, ஓட்டத் தெரிந்த டிரைவருக்கும் இடம் விடவில்லை. அதைக் கதவுக்கு வெளியே நிறுத்தும் வரியை எழுதி, சரியான டிரைவரை உள்ளே விட்டாள். திரையின் நான்கு மூலையிலும் சிலுவைக் குறி தோன்றியது. நான்கையும் தொட்டாள். தொட்ட இடத்தில் புள்ளி வந்து நின்றது.

இத்தோடு மூடிவைத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் அந்த வரிகளுக்கு நடுவே இன்னொன்றும் கண்ணில் பட்டது. திரை எந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று சொல்கிற ஒரு சிப் உள்ளே சும்மா கிடந்தது. அதற்கும் டிரைவர் இருந்தது. யாரும் கேட்கவில்லை, யாருக்கும் அது தேவையும் இல்லை. ஆனால் லினக்ஸ் போடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. உள்ளே ஒரு சிப் வேலை செய்யாமல் இருப்பது தெரிந்தால் சோறு இறங்காது. அதையும் எழுப்பினாள். நெட்புக்கைத் தலைகீழாகப் பிடித்தால் படம் தானாகத் திரும்பி நேரானது. கூட்டத்தின் மடல் குழுவில் இரண்டு வரி பெருமையடித்துவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

குற்றிச்சிறை வீட்டில் டாக்டர் ப்ரமீளா அவளுக்கு முன்பே வந்துவிட்டார். யாருக்கோ கொண்டுவந்த சுலைமானி டீ தொடப்படாமல் ஆறியிருந்தது. இம்பிச்சிக்கோயா தலையணைகளில் சாய்ந்து கிடந்தார். இடது கை விரலில் கவ்வியிருந்த சின்னப் பெட்டியில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் எண் குறைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து மனைவி கதீசபியின் உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. கால்மாட்டில் அவரான் நின்றான். தூக்கமில்லாத கண். குற்றிச்சிறை ஆண்பிள்ளை கல்யாணம் ஆனால் ராத்திரிக்கு மனைவி வீட்டுக்குப் போய்விட வேண்டும். இவன் மாதக்கணக்கில் போகவில்லை. உப்பாவின் தொண்டையில் சேர்கிற சளியைக் குழாய்விட்டு உறிஞ்சி எடுக்க ராத்திரியில் வேறு ஆள் இல்லை. மாமியார் வீட்டில் பேச்சு கிளம்பியிருந்தது.

நிஷாத் ஜஸீலாவின் கையிலிருந்து நெட்புக்கை வாங்கினான். திரையை மடித்து, கொசுவலைக் கம்பியில் கயிறு கட்டித் தொங்கவிட்டான். திரையைத் திருப்புகிற மூட்டு இருந்த பக்கம் கயிறு கட்ட வசதியாக இருந்ததால் அதை மேலே வைத்தான். தலைகீழாகத் தொங்கிய திரையில் படம் ஒரு கணம் தயங்கிச் சுழன்று நேராக நின்றது.

"பாருங்க, தானா நிமிர்ந்துக்குது" என்றான்.

ஜஸீலாவுக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிடலாம் என்று கை நீட்டினாள். டாக்டர் எண்ணைப் பார்த்துவிட்டு, இனிமேல் சோதனைக்கெல்லாம் நேரமில்லை, கேட்டுவிடுவோம் என்றார். கை திரும்பி வந்துவிட்டது.

திரையில் இரண்டே கட்டம். இடது பாதி முழுக்க 'வேணும்'. வலது பாதி முழுக்க 'வேண்டாம்'.

குழாய் வைத்தால் என்ன ஆகும், வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். மகன்களைப் பார்க்க வேண்டாம், என்னைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். நோயாளியின் மணிக்கட்டைத் தாங்கித் திரைக்கு அருகே கொண்டுபோனார். விரல் மெல்லப் போய்த் திரையில் படிந்தது.

"வேண்டாம்" என்றது இயந்திரம்.

அவரான் கண்களை மூடிக்கொண்டான். ஜெயித்தவனின் முகமாக அது இல்லை. நிஷாத் சுவரில் சாய்ந்தான். கதீசபியின் ஓதல் நின்றது.

ஜஸீலா முகங்களைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் இடது பக்கம் இருந்தது. வலது பக்கக் கட்டம் மின்னியிருந்தது.

படம் திரும்பியிருக்கிறது. தொடுகை திரும்பவில்லை. காலையில் நான்கு சிலுவைகளைத் தொட்டுப் பழக்கியபோது மேலே எது, இடது எது என்று தொடுகை கற்றதை, தலைகீழாகத் தொங்கிய பிறகும் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது.

அவள் வாயைத் திறப்பதற்குள் இம்பிச்சிக்கோயாவின் விரல் திரையிலேயே ஊர்ந்தது. வலது பக்கம் போய் நின்று அழுத்தியது.

"வேணும்" என்றது இயந்திரம்.

அறை ஒரே பேச்சாகிவிட்டது. மனசு மாறிவிட்டார் என்றான் நிஷாத். கை தவறி வழுக்கிவிட்டது, முதலில் சொன்னதுதான் சொல் என்றான் அவரான். இரண்டு பேரும் டாக்டரைப் பார்த்தார்கள். டாக்டர் விரலைப் பார்த்தார்.

"அவர் மாத்திச் சொல்லல" என்றாள் ஜஸீலா. "முதல்ல தொட்டதும் வேணும்தான். மெஷின் அத வேண்டாம்னு படிச்சுது. அது தலைகீழாப் பேசுதுன்னு புரிஞ்சுக்கிட்டு, அடுத்த தரம் அவரே தலைகீழாத் தொட்டாரு."

அவரான் அவள் பக்கம் திரும்பினான். குரலை உயர்த்தவில்லை.

"மெஷினக் கொண்டாந்தது நீ. வாங்கிக் குடுத்தது அவன். இப்ப உப்பா சொன்னதுக்கு அர்த்தம் சொல்றதும் நீயா, மோளே?"

அவன் இடத்தில் இருந்தால் அவளும் இதையேதான் கேட்டிருப்பாள். தப்பு தன்னுடையதுதான், கேட்காத டிரைவரைப் போட்டது தான்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். சரிசெய்யக் கொஞ்சம் நேரம் வேண்டும் என்றாள். எண்ணைப் பார்த்துக்கொண்டே, சீக்கிரம் என்றார் டாக்டர்.

கயிற்றை அவிழ்த்து, திரையைத் திருப்பி, விசைப்பலகையை வெளியே எடுத்துத் தரையில் உட்கார்ந்தாள். காலையில் பெருமையடித்த அந்த டிரைவரை முதல் வேலையாக நிறுத்தினாள். படத்தை ஒரே நிலையில் பூட்டினாள். அப்புறம் தொடுகையைத் திருப்பும் எண்களை எழுதினாள். நிஷாத் தலைக்கு மேலே நின்று எட்டிப்பார்த்தான். அவரான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான், தராசின் முள்ளைப் பார்க்கிறவன் மாதிரி. மறுபடி தொங்கவிட்டார்கள். டாக்டரே தம் விரலால் இடது பக்கம் தொட்டார். வேணும் என்றது. வலது பக்கம், வேண்டாம். சரி, கேட்டுவிடலாமா என்றார்.

"கேக்காதீங்க டாக்டர்" என்றாள் ஜஸீலா.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"அவரு ஒரு தரம் இதுகிட்ட ஏமாந்துட்டாரு. இப்ப நேராயிருச்சுன்னு நாம சொல்லுறோம், அவரு நம்பணுமே. பழைய ஞாபகத்துல மாத்தித் தொட்டார்னா நமக்குத் தெரியாது. ரெண்டே கட்டம் இருந்தா குருட்டாம்போக்குலயும் பதில் வரும். எழுத்துப் பலகையக் குடுப்போம். எழுத்துல தப்பு வந்தா உளறலா வரும், எல்லாருக்கும் தெரிஞ்சுரும்."

அவரானால் இதற்கு மறுப்பு சொல்ல முடியவில்லை.

எழுத்துப் பலகையைத் திறந்து அவளே மேல் வரிசையைத் தொட்டாள். கீழ் வரிசை எழுத்து வந்தது. இடவலம் திரும்பியிருந்தது, மேல்கீழ் திரும்பவில்லை. அவசரத்தில் ஓர் எண்ணை விட்டிருந்தாள். இரண்டே கட்டத்தில் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது. முகம் சிவக்க மறுபடி இறக்கி, எழுதி, ஏற்றினாள். தன் பெயரை அடித்துப் பார்த்தாள். ஜஸீலா என்றது இயந்திரம்.

குனிந்து நோயாளியின் காதருகே சொன்னாள்.

"கோயாக்கா, இப்ப தொட்ட இடந்தான் தொட்ட இடம். உங்க பேச்ச நீங்களே பேசுங்க."

இம்பிச்சிக்கோயா முதலில் ஒரே எழுத்தைத் தொட்டார். அது திரையில் வந்ததைப் பார்த்தார். அதே எழுத்தை மறுபடி தொட்டார். தேங்காயைத் தட்டிப் பார்க்காமல் வாங்குகிற ஆள் இல்லை அவர். அப்புறம்தான் விரல் நகர்ந்தது. ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே மூச்சு விசிலடித்தது. எண் இன்னொன்று குறைந்தது. டாக்டர் மணிக்கட்டைத் தாங்கியிருந்தார், தள்ளவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"அவரான் ராத்திரி பொண்டாட்டி வீட்டுக்குப் போகணும்" என்றது இயந்திரம்.

அவரான் தலை நிமிர்ந்தான். கேட்டது குழாயைப் பற்றி. வந்த பதில் வேறு.

விரல் மறுபடி கிளம்பியது. இதற்கு இன்னும் நேரம் பிடித்தது.

"நிஷாத் ஆள் வைக்கணும். அப்படின்னா குழாய்."

வேணும் வேண்டாம் என்று இரண்டு கட்டத்தைக் கொடுத்து ஒரு தரகரிடம் பதில் கேட்டிருந்தார்கள். நடுவில் இருந்ததைச் சொல்ல அவருக்கு இடமே கொடுக்கவில்லை.

நிஷாத் முன்னால் வந்தான். அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் உப்பா, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவோம், ஷார்ஜா போனதும் ஏற்பாடு பண்ணிவிடுகிறேன் என்றான். உப்பாவின் விரல் எழுத்துகளுக்குப் போகவில்லை. படிக்கச் சொல்லும் பொத்தானைத் தொட்டது.

"நிஷாத் ஆள் வைக்கணும். அப்படின்னா குழாய்."

வைக்கிறேன் என்றுதானே சொன்னேன் என்றான் நிஷாத். விரல் தொட்டது.

"நிஷாத் ஆள் வைக்கணும். அப்படின்னா குழாய்."

இயந்திரத்துக்கு ஏற்ற இறக்கம் தெரியாது. அதனாலேயே அதனோடு எதிர்வாதம் பேச யாராலும் முடியவில்லை.

"இந்த மனுஷன் கிட்ட 'போனதும்'னு சொல்லாதடா" என்றாள் கதீசபி. "எப்போன்னு சொல்லு."

நிஷாத் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து உப்பாவின் கண்ணுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனான்.

"நான் விமானம் ஏறுறதுக்கு முன்னாடி உப்பா. ராத்திரிக்கு ஒருத்தர், பகலுக்கு ஒருத்தர். பழகிட்டாங்கன்னு நீங்க சொன்னாத்தான் கிளம்புவேன்."

விரல் பொத்தானைவிட்டு விலகியது. எழுத்துகளுக்கு நடுவே தேடித் தேடிப் போனது.

"டாக்டர் சாட்சி" என்றது இயந்திரம்.

சாட்சிதான் என்றார் டாக்டர் ப்ரமீளா. ஒரு கையால் அவர் மணிக்கட்டைத் தாங்கியபடியே மறு கையால் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்.

அவரான் கால்மாட்டிலேயே நின்றிருந்தான். எல்லாரும் துணியும் மருந்தும் எடுத்துவைக்கப் பரபரத்தபோது மெதுவாகத் தலைமாட்டுக்கு வந்தான். ஜஸீலா எழுந்து வழிவிட்டாள்.

"உப்பா, எனக்குத் தூக்கம் போச்சுன்னு நான் குழாய் வேண்டாம்னு சொல்லல" என்றான். "உங்களுக்கு வலிக்கும்னுதான்."

மணிக்கட்டைத் தாங்க டாக்டரின் கை அங்கே இல்லை. அவரானே தாங்கினான். விரல் நான்கைந்து எழுத்து தேடுவதற்குள் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. அவன் நகரவில்லை.

"தெரியும்" என்றது இயந்திரம்.

அவரான் அந்தக் கையைப் பதமாகப் போர்வைக்குள் வைத்துவிட்டு, ஸ்ட்ரெச்சர் நுழைவதற்குக் கதவின் இரண்டு பக்கத் தாழ்ப்பாளையும் திறக்கப் போனான்.