ஒன்றாம் நம்பர் பெட்டி

என் நாத்தனாரை இந்த ஆய்வகத்தில் சேர்த்துவிட்டவளே நான்தான். யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

நாங்கள் தீயணைப்பு வீரர்களுக்கு வயர்லெஸ் பெட்டி செய்கிறோம். டவர் கிடையாது. அருகருகே இருக்கும் பெட்டிகள் தாங்களாகவே குழுவாகச் சேர்ந்து, ஒன்றைத் தலைவனாக்கிக்கொள்ளும். மற்றவற்றின் பேச்சு அதன் வழியாகப் போகும். தலைவன் மாறினால் இரண்டு நொடி பேச்சு அறுந்துவிடும். தீக்குள் இரண்டு நொடி சின்ன விஷயமில்லை.

ஒன்பது வருடமாக ஓடுவது என் விதி: பக்கத்தில் இருப்பவற்றில் எந்த எண் சிறியதோ அதுவே தலைவன். வந்து எட்டு மாதமே ஆன நாத்தனார் வேறொன்று எழுதினாள்: சுற்றியிருப்பவற்றோடு எது அதிக நேரம் சேர்ந்தே இருக்கிறதோ அது தலைவன். எதை வைத்துக்கொள்வது என்று முடிவுசெய்ய, இருபது பேர் பெட்டியை இடுப்பில் மாட்டிக்கொண்டு வழக்கமான வேலையைப் பார்த்தோம். காலையில் என் விதி, மதியம் அவளுடையது. தலைவன் குறைவாக மாறும் விதிக்கு வெற்றி. ஒன்றாம் நம்பர் பெட்டியை நானே எடுத்துக்கொண்டேன்; என் விதிப்படி எங்கே இருந்தாலும் அதுதானே தலைவன். அந்த ஆசையை இப்போது மறைத்து என்ன பயன்?

தலைவன் மாறாமலிருக்க, காலையில் நான் என் இருக்கையில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் சால்டரிங் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். அவளைச் சுற்றி ஏழு பேர். என்னைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டும் ஸ்டோர் கீப்பர்கூட அங்கே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். வயிறு எரிந்தது. திரும்பி வந்தேன். மறுபடி சிரிப்பு, மறுபடி போனேன். ஸ்க்ரூ டிரைவர் தேடுவதுபோல ஒரு தரம், ஃபேனை நிறுத்த ஒரு தரம்.

மாலையில் மேலாளர் திரையைக் காட்டினார். மதியம் ஆறே மாற்றம். காலையில் நாற்பத்தொன்று.

"இந்த ஒண்ணாம் நம்பர் பெட்டி சால்டரிங் ரூம் பக்கம் பத்தொன்பது தடவை போயிருக்கு. போனா தலைவன் மாறுது, வெளியே வந்தா திரும்பவும் மாறுது. யார்கிட்ட இருந்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள். "அண்ணிக்கு என்கிட்ட நிறைய கேக்க வேண்டியிருந்துச்சு சார். நாளைக்கு அதை வேற யாராவது மாட்டிக்கட்டும், இன்னொரு தடவை பாத்துடலாம். அண்ணி விதி நல்லாத்தான் இருக்கு."

பத்தொன்பது தடவையும் என்னைப் பார்த்திருக்கிறாள். இப்படிக் காப்பாற்றுவதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"வேணாம் சார்," என்றேன். "தீக்குள்ள எல்லாரும் அங்கயும் இங்கயும் ஓடுவாங்க. ஒருத்தர் எட்டிப் பாத்துட்டுப் போனதுக்கே குழு கலையுதுன்னா அந்த விதி ஆகாது. அவளோடதையே போடுங்க."

மேலாளர் என் பெருந்தன்மையைப் பாராட்டினார். எனக்குக் காது கூசியது.

"அண்ணி, நில்லுங்க, நானும் வரேன்," என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ஒரே வீடு, வேறு வழியில்லை. அவளிடம் ஒரு குறை கிடைக்காதா என்று வீடு வரைக்கும் தேடிக்கொண்டே நடந்தேன். கிடைக்கவில்லை.