கிணற்றடிக் கல்

1968 பங்குனியில் சர்வேயர் நல்லம்பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது, மனையை அளக்கச் சொல்லி மஸ்தான் மனு எழுதிப்போட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. மஸ்தான் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பிழைப்பவர். வாங்கிய மனையில் வீடு கட்டத் தண்ணீர் வேண்டுமே என்று இரண்டு வருடத்துக்கு முன்பே வரப்பை ஒட்டிக் கிணறு வெட்டிவிட்டார். பாறைக்கு வெடி வைத்து, நாற்பதடியில்தான் ஊற்று கண்டது.

"நமக்குள்ள எதுக்குங்க பாய் சர்வே சங்கிலி? வரப்புதான் இருக்குதே" என்றார் பக்கத்து நிலத்துத் தர்மன்.

"வூடு ஒரு தடவைதான கட்டறோம், அண்ணே. அளந்துட்டா நிம்மதி."

சர்வேயர் மூன்று மூலைக் கற்களைக் கண்டுபிடித்தார். நான்காவது இல்லை. அவர் கையிலிருந்த நில வரைபடத்தில் அதன் இடம் வரப்புக்குப் பத்தடி உள்ளே, மஸ்தான் பக்கம் இருந்தது. அங்கே கடப்பாரை போட்டால் மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

"கல்லை யாரோ புடுங்கியிருக்காங்க."

மஸ்தான் கிணற்றடியைத் திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி ஜான் பீ துணி துவைக்கும் கல்! கிணறு வெட்டும்போது புதருக்குள் சாய்ந்து கிடந்ததை, வாட்டமாக இருக்கிறதே என்று அவரேதான் நெம்பிப் புரட்டி வந்து போட்டார். வாயை மூடிக்கொண்டிருக்கலாம். முடியவில்லை.

"அந்தக் கல்லாங்களா, பாருங்க."

புரட்டினார்கள். சோப்பு படிந்த அடிப்பக்கத்தில் சர்வே அம்புக்குறி இருந்தது.

தர்மன் குனிந்து அந்தக் குறியைத் தடவினார். "இத்தன நாளா இது மேலதான் துணி தொவச்சீங்களா, பாய்?"

"தெரியாம எடுத்துட்டேண்ணே."

"கல்லையும் தெரியாம எடுத்தீங்க, கெணத்தையும் தெரியாம வெட்டினீங்க."

சங்கிலி பிடித்து அளந்தார்கள். கிணறு முழுசாகத் தர்மன் நிலத்தில் விழுந்தது. மஸ்தானே கல்லைப் புரட்டிக்கொண்டு போய்ப் பழைய குழியில் நட்டார். யாரும் கை கொடுக்கவில்லை.

மறுநாள் காலை ஜான் பீ குடத்தோடு வந்தாள். கல் இருந்த இடம் ஈரமாக, வெளுத்துக் கிடந்தது. கிணற்றைச் சுற்றித் தர்மனின் ஆட்கள் வேலிமுள் அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, கேட்டா ஒரு கொடம் உட மாட்டாங்களா?"

"உடுவாரு" என்றார் மஸ்தான். "கேக்கறதுக்குத்தான் எனக்கு மூஞ்சி இல்ல."

அவள் வெறுங்குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தாள்.