கழுத்தைத் திருப்பவிடாத கேபிள்

என் வீட்டுக்காரரை அவருடைய கம்பெனியில் 'கவசம்' என்றுதான் கூப்பிடுவார்கள். வெளியிலிருந்து மின் இரைச்சல் நுழையாமல் கம்பிகளைச் சுற்றியிருக்கும் உலோகக் கவசத்தைப் பற்றிச் சோற்றுத் தட்டின் முன்னாலும் பேசுகிற மனிதர். தீயணைப்பு ஹெல்மெட்டின் மைக்கிலிருந்து இடுப்பு ரேடியோவுக்குப் போகும் கேபிளைத் தேர்ந்தெடுப்பது அவர் வேலை. அதை மாட்டிக்கொண்டு புகைக்குள் போவது என் வேலை. ஜாடிக்கேற்ற மூடி.

போன மாதம் ஒரு கிடங்கில் தீப்பிடித்து, பக்கத்தில் பம்ப் மோட்டார் ஓடியபோது, உள்ளேயிருந்து நான் பேசிய ஒரு வார்த்தைகூட வெளியே கேட்கவில்லை. கரகரவென்று இரைச்சல்தான். நான் பத்திரமாக வந்துவிட்டேன். மனிதருக்குத்தான் தூக்கம் போய்விட்டது. உலோகத் தாள் ஒரு சுற்று, செம்புப் பின்னல் இரண்டு சுற்று, அதற்கும் மேலே தடித்த ரப்பர் என்று ஒரு கேபிளைக் கொண்டுவந்தார். நாலு கம்பி போதும், எட்டு வைத்திருந்தார்.

"இதுல மாட்டையே கட்டலாம்," என்றேன்.

"நான் போட்டுப் பார்த்துட்டேன். நல்லாத்தான் இருக்கு."

"எங்க உக்காந்து பார்த்தீங்க?"

வேறெங்கே? நாற்காலியில்தான். தீப்பிடித்த வீட்டில் யார் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள்? எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஹெல்மெட்டை அவர் தலையில் மாட்டி, கட்டிலுக்கடியில் தவழச் சொன்னேன். பாதி தூரம் போய் இடப்பக்கம் திரும்பினார். கேபிள் மடங்க மாட்டேன் என்று விறைத்தது. ஹெல்மெட் சரிந்து கண்ணை மறைத்தது. ஆமை மாதிரி அங்கேயே நின்றுவிட்டார்.

"இப்படி இருந்தா எங்க ஸ்டேஷன்ல என்ன பண்ணுவோம் தெரியுமா? கேபிள் பிளக்கைப் பிடுங்கிட்டு உள்ள போயிடுவோம்."

கட்டிலுக்கடியிலிருந்தே ஹெல்மெட்டை நிமிர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீயுமா?"

"நானும்தான்."

அடுத்த கேபிளில் நாலே நாலு கம்பி, ஒவ்வொன்றும் மயிர்போல் மெல்லிய இழைகளை முறுக்கியது. மடங்கி மடங்கிக் கிழியும் என்று உலோகத் தாளைத் தூக்கி எறிந்துவிட்டார். மெல்லிய செம்புப் பின்னல் ஒன்று, மேலே வளைந்துகொடுக்கும் சிலிக்கோன் உறை.

"இது போதுமான்னு பயமா இருக்கு," என்றார்.

பயிற்சிக் கூடத்தில் புகை போட்டு, பக்கத்திலேயே பம்பை ஓடவிட்டார்கள். தவழ்ந்தேன். இரண்டு பக்கமும் நன்றாகத் திரும்ப முடிந்தது. வெளியே அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருந்தார். ஊர்ப்பேச்செல்லாம் என் வாயில்தான் என்பார்கள்; அன்று பார்த்து எனக்குப் பேச ஒன்றும் தோன்றவில்லை.

"கேக்குதா?" என்றேன் கடைசியில்.

"கேக்குது," என்றார் அவர். "நீ பேசாட்டியும் பரவாயில்ல. மூச்சு மட்டும் விட்டுக்கிட்டே இரு."