சரியான விடைக்குச் சிவப்பு

"தப்பா அமுக்கினா என்ன வரும்?" என்று கேட்டார் கணக்கு வாத்தியார். இப்போது அவர் சொந்தமாகப் பயிற்சி நிலையம் நடத்துகிறார். பிள்ளைகள் வீட்டிலிருந்தே ஆட ஒரு வினாடி வினா வேண்டும் என்று, கணினி நிரல் எழுதுகிற அவளை வேலைக்கு அமர்த்தியிருந்தார்.

அவள் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். பிரவுசரில் ஒரு கேள்வி, கீழே நான்கு விடைகள். தவறான விடையைத் தொட்டதும் பெட்டி சிவந்து, 'பரவாயில்லை, இன்னொரு தடவை பார்' என்று எழுத்து வந்தது. அவர் முகத்தைச் சுளித்தார்.

"பரவால்லையாம்! தப்பு பண்றவனைத் தடவிக் குடுக்கவா உன்னைக் கூப்பிட்டேன்? நல்லா உறைக்கிற மாதிரி போடு."

"நீங்களே சொல்லுங்க சார். உங்க குரல்லயே பதிவு பண்ணிடலாம்."

அவர் தொண்டையைச் செருமினார். யோசிக்கவே இல்லை, நாக்கு நுனியிலேயே இருந்தது.

"நீ போட்டா சரியா வருமா? அழி!"

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏழாம் வகுப்பில் இதே வாக்கியத்தை இதே குரலில் வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். அன்றைக்குக் கரும்பலகையில் அவள் போட்ட கணக்கு சரி. மனுஷர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வகுப்பே சிரிக்க, சரியான விடையைத் தன் கையாலேயே அழித்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அதிலிருந்து, நன்றாகத் தெரிந்த விஷயத்தைக்கூட நாலு பேரிடம் கேட்காமல் அவளால் நம்ப முடிந்ததில்லை. கல்யாணத்துக்குத் தலையாட்டிய பிறகும் சமையலறைக்குப் போய் "சரிதானேக்கா?" என்று அக்காவைக் கேட்டாள். இவருக்கோ அவள் முகமே ஞாபகம் இல்லை. அதுதான் அவளுக்குப் பெரிய ஆத்திரம்.

"பதிவாச்சாம்மா?"

"ஆச்சு சார். ரொம்ப நல்லா வந்திருக்கு."

வீட்டுக்கு வந்ததும் நிரலில் ஒரே ஒரு நிபந்தனை சேர்த்தாள். உள்ளே வருகிறவர் வாத்தியார் என்றால், எந்த விடையைத் தொட்டாலும் தவறு. அந்தக் குரலும் அவருக்கு மட்டும்தான். பிள்ளைகளுக்குப் பழைய 'பரவாயில்லை'யே போதும். அந்த நிபந்தனையை மட்டும் அவள் யாரிடமும் சரிபார்க்கக் கேட்கவில்லை.

தொடக்க நாளில் பெற்றோர் எல்லாரும் வந்து பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். "முதல் ஆட்டம் உங்களோடதுதான் சார்" என்றாள். வாத்தியாருக்கு வாயெல்லாம் பல். மேசைக்கு முன்னால் உட்கார்ந்து தன் பெயரைத் தட்டினார். முதல் கேள்விக்கு அவர் தொட்ட விடை சிவந்தது. கூடம் முழுக்க அவர் குரலே அவரை அதட்டியது.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "பாத்தீங்களா, எனக்கே விட்டுக்குடுக்கல!"

இரண்டாவதும் சிவப்பு. மூன்றாவதற்குச் சிரிப்பு குறைந்தது. பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இவர்கிட்டயா நம்ம புள்ளைங்க கணக்கு படிக்குது?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் எல்லார் காதிலும் விழுந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், நெஞ்சில் ஐஸ் வைத்த மாதிரி குளுகுளுவென்று இருந்தது.

அடுத்த கேள்வி, ஏழு எட்டு எவ்வளவு என்று. அவர் ஐம்பத்தாறைத் தொட்டார்.

"நீ போட்டா சரியா வருமா? அழி!"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவர் திரையைப் பார்த்தார், பெற்றோரைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார்.

"ஏம்மா... அம்பத்தாறு... சரிதானே?"

குரல் சின்னதாகிப் போயிருந்தது. சரி என்று சொல்ல ஒரு நொடி போதும். 'நான்தான் சார், அந்த ஏழாங்கிளாஸ் பொண்ணு' என்று சொல்லவும் அவ்வளவுதான் ஆகும். அவள் வாயைத் திறக்கவில்லை.

அவர் மறுபடியும் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த அவளுக்கு மட்டும் தெரிந்தது: மேசைக்கு அடியில், யாரும் பார்த்துவிடக் கூடாதே என்பதுபோல, வாத்தியாரின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி எண்ணிக்கொண்டிருந்தன.